எண்ணுக்கு வம்சம் கிடையாது

கேரள லாட்டரியில் விழப்போகும் எண்ணை முன்கூட்டியே கணித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஏராளம். சாலைக் கடைத்தெருவில் இந்தப் பேச்சு காதில் விழும், தம்பானூர் ரயில் நிலைய வாசலில் விழும். எல்லை தாண்டினால் களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுதான். பழைய ரிசல்ட்டை வரிசையாக எழுதிப் பார், அதன் ஓட்டத்தைப் படி, நாளைய எண் தானாகத் தெரியும் என்பார்கள். எதிர்த்துப் பேசினால் ஒரு வாதம் தயாராக இருக்கும்: "ரேஸ்காரன் குதிரையைப் படிச்சுக் கட்டுறான், நாங்க சார்ட்டைப் படிச்சுக் கட்டுறோம். ரெண்டும் மூளை வேலைதானே?"

இல்லை. இந்த வாதம் எண்ணைப் பற்றியும் தவறு, குதிரையைப் பற்றியும் பாதித் தவறு. இதை நம்பித்தான் கட்டட வேலைக்குப் போகிறவரின் கூலியும் மீன் விற்கிற பெண்ணின் அன்றாடச் சேமிப்பும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் இதை வெறும் டீக்கடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

குதிரையிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. அந்த வழக்கு சென்னையிலிருந்து டெல்லிவரை போய், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. சார்ட்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் ஒதுங்குகிறார்கள்.

ஆனால் நீதிமன்றம் எதை வைத்து அப்படிச் சொன்னது? ஒரு குதிரைக்கு வம்சம் உண்டு. தாய் யார், தந்தை யார், அவை எத்தனை மீட்டரில் ஜெயித்தன என்பதற்கெல்லாம் பதிவு இருக்கிறது. பயிற்சி கொடுத்தவர் யார், ஜாக்கி யார், முதுகில் எத்தனை கிலோ, மழை பெய்து தரை சேறாகிவிட்டதா, போன மாதம் 1200 மீட்டரில் மூச்சு வாங்கிய குதிரையை இன்று 2400 மீட்டரில் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றையும் பார்க்கலாம். இவை எல்லாம் குதிரையின் காலை உண்மையாகவே வேகப்படுத்துகின்றன அல்லது மெதுவாக்குகின்றன. சனிக்கிழமை ஓடப்போவதும் போன சனிக்கிழமை ஓடிய அதே குதிரைதான். அதன் தசையும் நுரையீரலும் ஒரு வாரத்தில் வேறாகிவிடுவதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே தொடர்பு இருக்கிறது, அதனால் படிக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

இப்போது பாளையத்தை ஒட்டி, பேக்கரி ஜங்ஷன் அருகிலுள்ள கோர்க்கி பவனுக்கு வருவோம். தினமும் மாலை மூன்று மணிக்குக் குலுக்கல் நடப்பது அங்கேதான். கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு காலத்துத் திட்டம் அது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியே சுழலும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். நடுவர் குழுவின் முன்னால் பொத்தானை அழுத்துகிறார்கள், சுழன்று நிற்கிறது, எண் வருகிறது. நேற்று அங்கே நின்ற 6 என்ற எண்ணுக்கும் இன்று நிற்கப்போகும் எண்ணுக்கும் எந்த உறவும் கிடையாது. 6 களைத்துப்போவதில்லை. 9 ஓய்வெடுத்துத் தெம்பாகத் திரும்பி வருவதில்லை. மூன்று வாரமாக வராத 4 எங்கேயோ காத்துக்கொண்டிருக்கவில்லை. குதிரையைப் படிக்கிறவன் எதையெல்லாம் படிக்கிறானோ அதில் ஒன்றுகூட எண்ணுக்கு இல்லை.

"அப்படியானால் சார்ட்டில் ஓட்டம் தெரிகிறதே, அது என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொதுவில் எல்லோருக்கும் தெரிந்த நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். திருவோணம் பம்பரின் 25 கோடி முதல் பரிசு 2022இல் டி.ஜே. 750605, 2023இல் டி.இ. 230662, 2024இல் டி.ஜி. 434222, 2025இல் டி.எச். 577825 ஆகிய சீட்டுகளுக்கு விழுந்தது. இந்த எண்களை வைத்துத் தனியாட்கள் நடத்தும் மூன்று நம்பர் பந்தயத்தை ஆடுகிறவர்கள் பார்ப்பது கடைசி மூன்று இலக்கங்களை. அதாவது 605, 662, 222, 825. அவர்கள் கணக்கில் முதல் இலக்கம் ஏ போர்டு, நடு இலக்கம் பி போர்டு, கடைசி இலக்கம் சி போர்டு.

இப்போது பாருங்கள். ஏ போர்டில் 6, 6, 2, 8. பி போர்டில் 0, 6, 2, 2. நான்கு ஆண்டும், இரண்டு போர்டிலும், எட்டும் இரட்டைப்படை! தற்செயலாக இப்படி அமைய 256இல் ஒரு வாய்ப்புதான். கடைசி மூன்று ஆண்டுகளிலும் எங்காவது ஒரு 2 இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை சி போர்டு 5. இலக்கங்களைக் கூட்டி ஒற்றையாக்கினால் 2, 5, 6, 6 என்று இறங்காமலே போகிறது. ஒரு சார்ட்காரர் கையில் இது கிடைத்தால் அடுத்த ஆண்டுக்கு "ஏ-யும் பி-யும் இரட்டை, ஒரு 2 நிச்சயம்" என்று எழுதிவிடுவார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

இந்த ஒழுங்கை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? எண்கள் விழுந்த பிறகு, அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு தேடினேன். இரட்டைப்படை கிடைக்கவில்லை என்றால் ஒற்றைப்படையைத் தேடியிருப்பேன். அதுவும் இல்லையென்றால் கூட்டுத்தொகை, பிறகு வித்தியாசம், பிறகு ஐந்தைக் கூட்டினால் வரும் ஜோடி எண், பிறகு மூலைவிட்டம். தேடுகிற வழி ஐம்பது இருந்தால் அதில் இரண்டு மூன்று எப்போதும் பலிக்கும். எந்த நான்கு எண்ணை என் முன்னால் போட்டாலும் ஏதோ ஓர் ஒழுங்கைக் காட்டிவிட முடியும். நடந்ததை இப்படி எத்தனை அழகாக விளக்கினாலும் அதிலிருந்து நடக்கப்போவதில் ஒரு இலக்கம்கூடக் கிடைக்காது.

2024இல் விழுந்த 222ஐயும் கவனிக்க வேண்டும். மூன்றும் ஒரே எண்ணாக இருப்பதை டிரிபிள் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு, "அதெல்லாம் எங்க விழப்போகுது" என்று. 222க்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. 825க்கும் ஆயிரத்தில் அதே ஒரு வாய்ப்பு.

வாரநாள் சார்ட் என்று இன்னொரு கிளை இருக்கிறது. ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்பது 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் விதி. அதனால்தான் கேரளத்தில் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு பெயர்: செவ்வாய் ஸ்த்ரீ சக்தி, வியாழன் காருண்யா பிளஸ், சனி காருண்யா. செவ்வாய்க்கு ஒரு குணம், வியாழனுக்கு ஒரு குணம் என்று தனித்தனியாகச் சார்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். 2025இல் அரசு திங்கள்கிழமை வின்-வின்னை நிறுத்திவிட்டு பாக்யதாரா என்று பெயர் மாற்றியது. பல ஆண்டு வின்-வின் சார்ட்டின் குணம் இப்போது எங்கே போயிற்று? பெயரோடு போயிற்றா, கிழமையோடு தங்கிற்றா? இதற்கு யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

சார்ட் எப்படி மனிதரைப் பிடித்து வைக்கிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். சாலைக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை, மதியம் இரண்டரை மணி. சுமை இறக்கிவிட்டு வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் தாளை எடுத்து மேசையில் பிரித்தார். மூன்று பத்தியாக எண்கள், மேலிருந்து கீழ்வரை. சிவப்புப் பேனாவால் சில எண்களைச் சுற்றி வட்டம், வட்டத்துக்கு வட்டம் சாய்கோடு, மடிப்பு விழுந்த இடத்தில் எண்கள் அழிந்து, அதன்மேல் மறுபடி நீலத்தில் எழுதியிருந்தது. "அண்ணாச்சி, இன்னைக்கு ஆல் போர்டு 2, 6, 9. தப்பவே தப்பாது" என்றார். ஆல் போர்டு என்றால் மூன்று இடத்தில் எங்கே வந்தாலும் சரி. மூன்றே கால் வாக்கில் ரிசல்ட் வந்தபோது கடைசி மூன்றில் ஒரு 6 இருந்தது. "பாத்தீங்களா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் டீ சொன்னார்.

மூன்று எண்ணைச் சொல்லிவிட்டு, மூன்று இடத்தில் எங்காவது ஒன்று வருமா என்று பார்த்தால், அது வர எத்தனை வாய்ப்பு? ஓர் இடத்தில் சொன்ன எண் எதுவும் வராமலிருக்க பத்தில் ஏழு. மூன்று இடத்திலும் வராமலிருக்க ஆயிரத்தில் 343. எனில் எங்காவது வர ஆயிரத்தில் 657. கண்ணை மூடிக்கொண்டு எந்த மூன்று எண்ணைச் சொன்னாலும் மூன்று நாளில் இரண்டு நாள் பலித்ததாகத் தோன்றும். தாளும் வேண்டாம், சிவப்புப் பேனாவும் வேண்டாம்.

பணம் என்னவாகிறது? விலை ஊருக்கு ஊர் மாறும். ஒற்றை எண்ணுக்கு 12 ரூபாய் கட்டி, விழுந்தால் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று எண், மூன்று போர்டு, ஆக ஒன்பது பந்தயம், 108 ரூபாய். ஓர் எண் விழுந்தால் கையில் 100. அதாவது "தப்பவே தப்பாது" என்று மார்தட்டிய அன்றும் அவர் எட்டு ரூபாய் இழந்திருக்கிறார். இப்படி ஆயிரம் நாள் ஆடினால் சராசரியாக 343 நாள் முழு 108 ரூபாயும் போகும். 441 நாள் ஒரே ஓர் எண் பலித்து எட்டு ரூபாய் போகும். 216 நாள் மட்டும் இரண்டோ மூன்றோ விழுந்து லாபம். மொத்தம் கட்டியது 1,08,000, திரும்பியது 90,000. அந்தச் சுமைதொழிலாளி ஆயிரத்தில் 657 நாள் தன் கணிப்பு பலித்ததாக நினைத்துக்கொண்டே 18,000 ரூபாயை இழப்பார். மூன்று இலக்கமும் சேர்த்துக் கட்டுகிற ஆட்டம் இன்னும் கொடியது. பத்து ரூபாய்க்கு 5,000 என்றால் கட்டுகிற பணத்தில் சரிபாதி முதல் நாளே நடத்துகிறவன் பெட்டிக்குப் போய்விடுகிறது.

"அந்த ஊர்க்காரர் மூணு நாள் தொடர்ந்து சொன்னாரே" என்ற கதைக்கும் இதே கணக்குதான். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆயிரம் பேர் தினம் ஏ போர்டுக்கு ஓர் எண் சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள். முதல் நாள் நூறு பேருக்குச் சரியாக இருக்கும். இரண்டாம் நாள் அதில் பத்துப் பேர். மூன்றாம் நாள் ஒருவர் மிஞ்சுவார். மறுநாள் மாவட்டம் முழுக்க அவர் பேச்சாக இருக்கும், பணம் கொடுத்து அவர் குழுவில் சேர்வார்கள். தவறிப்போன 999 பேரை யாரும் எண்ணுவதில்லை.

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் தினசரி மூன்று இலக்க ஆட்டத்தை ஆராய்ந்து சார்லஸ் க்ளாட்ஃபெல்டர், பிலிப் குக் இருவரும் 1993இல் எழுதினார்கள். ஓர் எண் விழுந்ததும் அதில் பணம் கட்டுகிறவர்கள் சட்டென்று குறைந்துவிடுகிறார்கள், பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்காகிறது. விழுந்த எண் மறுபடி விழாது என்ற அதே நம்பிக்கை அங்கும்.

விழப்போகும் எண்ணை முன்பே அறிந்தவர்கள் உலகத்தில் இல்லவே இல்லையா என்றால், இருந்தார்கள். 1980இல் பென்சில்வேனியா மாநிலத்தில் 666 என்று விழுந்தது. 4, 6 என்ற எண்கள் எழுதிய பந்துகளைத் தவிர மற்றவற்றுக்குள் பெயிண்டை ஏற்றிக் கனமாக்கியிருந்தார்கள். செய்தவர்கள் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். 1992இல் வர்ஜீனியா லாட்டரியில் ஓர் ஆஸ்திரேலியக் குழு வேறு வழியில் போனது. இருந்த 70 லட்சம் சேர்க்கைகளில் சுமார் 50 லட்சத்தை வாங்கிக் குவித்துப் பரிசைத் தட்டியது. ஒன்று எந்திரத்தைக் கெடுக்க வேண்டும், இல்லையென்றால் கிட்டத்தட்ட எல்லாச் சீட்டையும் வாங்க வேண்டும். அந்தக் குழுவிலும் எந்த எண் விழும் என்று யாருக்கும் தெரியாது.

குதிரையைப் பற்றியும் பாதித் தவறு என்றேன். உச்ச நீதிமன்றம் திறமை என்று சொன்னது உண்மை. திறமை இருந்தால் லாபம் வரும் என்று அது சொல்லவில்லை. பந்தயத்தில் கட்டுகிறவன் குதிரைக்கு எதிராகக் கட்டுவதில்லை, கூட இருக்கும் மற்றக் கட்டுகிறவர்களுக்கு எதிராகக் கட்டுகிறான். நல்ல குதிரையை நீங்கள் மட்டுமா பார்த்தீர்கள்? ஊரே பார்த்துவிட்டது. அதனால் அதன் விலை இறங்கிவிட்டது, ஜெயித்தாலும் கையில் வருவது சொற்பம். டோட் என்கிற பொதுப்பெட்டியிலிருந்து முதலில் கிளப் தன் பங்கை எடுக்கிறது, அதன்மேல் வரி. 2023 அக்டோபரிலிருந்து கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். இந்தச் சுவரைத் தாண்டிய பிறகுதான் உங்கள் திறமைக்குக் கூலி. 1980களில் ஹாங்காங்கில் தொடங்கிய பில் பென்டரும் ஆலன் வுட்ஸும் கணினியை வைத்துக் குதிரைப் பந்தயத்தில் பெரும்பணம் சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கான தரவு, பெரிய முதல், தொடக்கத்தில் தாங்கிய நஷ்டம் எல்லாம் அதன் பின்னால் இருந்தன. டீக்கடைத் தாளை அதோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை.

 

கடை அதிர்ஷ்டம் என்ற பேச்சையும் சுருக்கமாக முடித்துவிடலாம். 2022இல் பரிசுச் சீட்டு விற்றது நம் பழவங்காடியில். 2023இல் வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது, வாங்கியவர்கள் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வர். அன்றிலிருந்து வாளையாறுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. எல்லையில் அதிகம் விற்கிறது, அதனால் அதிகம் விழுகிறது. கடைக்கு விழுகிறதே தவிர, அங்கே வாங்குகிற ஒருவருக்கு வாய்ப்பு கூடுவதில்லை. 2025இல் பம்பர் சீட்டு சுமார் 75 லட்சம் விற்றது. எங்கே நின்று வாங்கியிருந்தாலும் முதல் பரிசுக்கு 75 லட்சத்தில் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் "அரசாங்கமே நடத்துதே, ஏழை நோயாளிக்குத்தானே போகுது" என்று சொல்வார்கள். அரசுச் சீட்டில் வரும் பணத்துக்கு அந்தச் சமாதானம் ஓரளவு பொருந்தும். காருண்யா நிதியிலிருந்து சிகிச்சை பெற்றவர்கள் உண்டு. ஆனால் ஏ போர்டு, பி போர்டு ஆட்டம் அரசு நடத்துவதில்லை. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு அறிவிக்கக் கூடாது என்று அதே 1998 சட்டத்தின் நான்காம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. கோர்க்கி பவனில் விழுகிற எண்ணைத் திருடி யாரோ ஒரு தனியாள் நடத்துகிற சூதாட்டம் அது. அதில் ஒரு ரூபாய்கூட எந்த நோயாளிக்கும் போவதில்லை. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரியைத் தடை செய்தார்கள். இருந்தும் 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் முழுவதும், மூன்று சிறு பெண் குழந்தைகள் உட்பட, ஒரே இரவில் அழிந்தது. மூன்று நம்பர் லாட்டரியில் எல்லாவற்றையும் இழந்ததை அவர் வீடியோவில் சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டு விற்கிறவனைப் போலீஸ் பிடிக்கிறது, மறுநாள் வேறொருவன் வருகிறான். சார்ட் பலிக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருப்பான். அதிர்ஷ்டம் என்று தெரிந்து ஆடுகிறவன் தோற்றால் ஒரு நாள் நிறுத்திவிடுவான். தன் கணக்கு சரி, கொஞ்சம்தான் பிசகிவிட்டது என்று நம்புகிறவன் நிறுத்த மாட்டான். இழந்த ஒவ்வொரு முறையும் அவன் இன்னும் கவனமாகப் படிக்க உட்காருகிறான். கட்டுகிற காசும் கூடுகிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், உங்கள் மச்சானோ மாமாவோ சார்ட்டை நீட்டினால் சண்டை போடாதீர்கள், கேலி செய்யாதீர்கள். மூன்று மணிக்கு முன்னால் அன்றைய எண்ணை ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். அன்று எத்தனை ரூபாய் கட்டினார், எத்தனை திரும்பியது என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். விழுந்த பிறகு திருத்தக் கூடாது. ஒரு மாதம் முடிந்ததும் அந்த நோட்டை அவர் வீட்டு அம்மாவிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.